மொட்டைமாடியில் ஒரு பந்தயப் பொறி

பந்தயக் கார் பொறியைப் பற்றி எழுதப் போகிறேன், அதுவும் மாருதி 800-இன் பொறியை என்றால், நம் சங்கத் தோழர்கள் சிலர் நகைக்கக் கூடும். குடும்பத்தோடு குதுப்மினார் பார்க்கப் போகும் வண்டிக்கும் பந்தயத்துக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். உறவு உண்டு. 1988-இல் கோவையைச் சேர்ந்த சுந்தரம் கரிவர்தன் இதே பொறியை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைச் செய்தார். ‘ஃபார்முலா மாருதி’ என்பது அதன் பெயர். அயல்நாட்டுப் பொறியைத் தருவித்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் பெருஞ்செல்வரல்லாதார் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். குர்காவ்ன் தொழிற்சாலையில் 1983 முதல் உருவாகி வந்த இந்தச் சிறு பொறியோ ஊர்தோறும் கிடைத்தது; உதிரிப் பாகமும் கிடைத்தது. நரேன் கார்த்திகேயன் இளமையில் ஓட்டிப் பழகியது இவ்வண்டியைத்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 2011-இல் நம் தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவிலும் ஓடினார். கரிவர்தன் அதையெல்லாம் காணவில்லை. 1995-இல் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்து ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த ஓடுதளத்தில் தம் வீட்டுப் பழைய மாருதியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் வகுப்புத் தோழர் ஒருவரின் நெடுநாள் ஆசை. அதற்காக இங்கே ஒரு பொறியை வாங்கி, சென்ற குளிர்காலத்தில் என் ‘பர்சாத்தி’யில், அதாவது மொட்டைமாடி அறையில், இருவரும் பிரித்துக் கட்டினோம். தில்லியில் பழைய பொறிக்குப் பஞ்சமில்லை. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2018-இல் நிலைநிறுத்தியது. அதன்பின் பல வண்டிகள் மாயாபுரிக் காயலான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. (அந்த மாயாபுரிக்குத்தான் 2010-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் பழைய கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியும் ஏலத்தில் போயிற்று, பிரித்தவர்களில் ஒருவர் உயிரிழந்தார். பழைய இரும்பு எல்லாம் வெறும் இரும்பல்ல என்பதை விஞ்ஞான மாணவர் நாம் மறக்கலாகாது.)

இப்பொறியில் உருளைகள் மூன்று. ஒவ்வொன்றின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 72 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், உருளைக்கு 265 கன சென்டிமீட்டர், மூன்றுக்கும் 796 வரும். நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது உச்சியில் திரும்பும் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 1,400 மடங்குக்கு மேல் ஆகிறது. பிஸ்டனும் அதைச் சேர்ந்தவையும் 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதைப் பிடித்து இழுக்கக் குறைந்தது 290 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். பந்தயத்துக்காக 7,500 சுற்றுக்கு ஏற்றினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. விசையோ வேகத்தின் வர்க்கமாக வளர்வதால் 450 கிலோவாகிறது. ஒன்பது அரிசி மூட்டைகள்! அவற்றைத் தாங்குவன கனெக்டிங் ராடின் அடியிலுள்ள இரண்டு சிறு போல்ட்டுகள். அதுவும் புகையை வெளியேற்றும் வீச்சின் முடிவில், மேலிருந்து அமுக்க வாயு இல்லாதபோது, முழு இழுப்பும் அவற்றின் தலையில்தான்.

இந்தப் போல்ட் அறுந்தால் ராடு பொறியின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சூடான எண்ணெய் டயரில் சிந்தும். அப்போது வளைவில் திரும்பிக்கொண்டிருப்பவர் என் நண்பர். ஆகவே பளபளக்கும் கார்ப்யூரேட்டரை வாங்குமுன் புதுப் போல்ட்டுகளை வாங்கினோம். போல்ட் என்பது ஒரு வில். முறுக்கும்போது அது சற்றே நீண்டு, இரு பாகங்களையும் சேர்த்து நெரிக்கிறது. அந்த நெரிப்பு வெளியிழுப்பைவிட மிகுதியாயிருக்கும் வரையில் போல்ட்டுக்கு ஏற்ற இறக்கம் அதிகம் தெரியாது, அலுப்பும் நேராது. ஆனால் நாம் முறுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டுகிறது. மிச்சமெல்லாம் உராய்வுக்குப் போகிறது. மரையில் எண்ணெய் பூசினால் அதே டார்க் ரெஞ்ச் அளவில் இழுவிசை கூடிவிடும். எனவே எண்ணெய் பூசுவதா வேண்டாமா என்பதைக் கையேட்டைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது அமுக்க விகிதம். அதை 8.7 என்று கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 34.5 கன சென்டிமீட்டர். 10 ஆக்க வேண்டுமானால் 29.5 ஆகக் குறைக்க வேண்டும். ஆட்டோ சுழற்சிக் கணக்குப்படி திறன் 58 சதவீதத்திலிருந்து 60 ஆகிறது, அவ்வளவே ஆதாயம். பதிலாக, 91 ஆக்டேன் பெட்ரோல் காலத்துக்கு முன்பே தானாக வெடித்துப் பிஸ்டனைத் தட்டத் தொடங்கும் ஆபத்து உண்டு. நாங்கள் 9.3-இல் நிறுத்திக்கொண்டோம். ஹெட்டைச் சீவினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி குறைகிறது. குழந்தைகள் விளையாடும் களியைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, ஹெட்டை வைத்துப் பூட்டி, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பிரித்து அந்தக் களியின் கனத்தை அளந்தோம். மலிவான பரிசோதனை, ஆனால் இதைவிட நம்பத்தக்கது வேறில்லை.

உருளையைக் கடைவதும் கிராங்கைச் சாணை பிடிப்பதும் வீட்டில் ஆகாத காரியங்கள். அவற்றை லேத் பட்டறை ‘உஸ்தாத்’திடம் விட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “பிஸ்டன் எங்கே?” என்பது. கால் மில்லி, அரை மில்லி என்று பெரிய அளவுப் பிஸ்டன்கள் கடையில் விற்கின்றன. அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்தபிறகே அவர் உருளையைத் தொட்டார். கல்லூரிப் படிப்பில்லாத அவருக்கு அளவையியல் எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும்.

அளப்பதில் தில்லிக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. ஜனவரிக் காலையில் 5 பாகை. ஜூன் நடுப்பகலில் 45. இந்த 40 பாகைக்குள் 68.5 மில்லிமீட்டர் அலுமினியப் பிஸ்டன் 0.06 மில்லிமீட்டர் விரிகிறது. உருளைச் சுவர் வார்ப்பிரும்பு என்றால் அதில் பாதிதான். பிஸ்டனுக்கும் சுவருக்கும் விட வேண்டிய இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. வெயிலில் வைத்த பிஸ்டனையும் நிழலில் கிடந்த உருளையையும் அளந்து ஒப்பிட்டால் கணக்கு முழுதும் பொய். ஆகவே எல்லாப் பாகங்களையும் மைக்ரோமீட்டரோடு ஓர் இரவு அறைக்குள் ஒன்றாக வைத்து, மறுநாள் அளந்தோம்.

தூசியைப் பற்றித் தில்லிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைந்து வந்த உருளையில் உராய்வுக் கல்லின் பொடி ஒட்டியிருக்கும். பெட்ரோலில் கழுவினால் அது போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியில் கறை படியாத வரை தேய்த்து, உலர்ந்த கணமே எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் துரு ஏறும். இதற்கு நூல் உதிராத நைந்த பருத்தி வேட்டிக்கு ஈடில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றில் இரண்டு இதற்காகவே கிழிந்தன.

பொறி இப்போது எண்ணெய் தடவி, வாய்களை அடைத்து, மரப்பெட்டியில் இருக்கிறது. விடுமுறையில் கோவைக்குப் போகும். சாலையிலும் ஓட்டுவதானால் புதிய பொறி எண்ணைப் பதிவுச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். அந்த விண்ணப்பம் நண்பரின் தந்தையார் பொறுப்பு. முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும் வரை பொறியை வெறுமனே சுழற்றுவோம். பிறகுதான் தீப்பொறி.