கல்லும் ஊரும் – 14: படியைப் பற்றிப் பேசும் தூண்

போகொடைப் பாலத்துக்கு இந்த வாரம் போவதாகச் சொல்லியிருந்தேன். இடி விழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸின் நினைவுக்குப் பதுளையில் எழுந்த தேவாலயத்தோடு சென்ற வாரம் நிறுத்தினோம். பாலத்துக்கு முன் ஒரு கல்லைப் பார்த்துவிட வேண்டும். ஹாலிஎலயில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் பதுளை. அங்கே தொல்லியலாளர் சேனரத் பரணவிதானவின் பெயர் தாங்கிய நூலகத்தில் அந்தக் கல் நிற்கிறது.

ஆளைவிட உயரமான தூண். நான்கு முகத்திலும் எழுத்து, 200 வரிக்கு மேல். 1857இல் பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி மஹியங்கனைக்கு அருகே சொரபொர குளத்துப் பக்கம் இதைக் கண்டார். பிறகு அது பதுளைக்கு வந்து சேர்ந்தது. 10ஆம் நூற்றாண்டுச் சிங்களத்தில் உள்ள இதைப் படித்து விளக்கிய பரணவிதான, மன்னன் நான்காம் உதயன் காலத்தது என்று நிறுவினார்.

கல்லில் இருப்பது ஒரு சந்தையின் சட்டம். மன்னன் மஹியங்கனைக்கு வந்த நேரம் பார்த்து, ஹோபிடிகமுவ என்ற ஊரின் வணிகரும் குடித்தனக்காரரும் அவன் முன் போய் முறையிட்டார்கள். ஊரை அனுபவித்துவந்த அதிகாரிகள் பழைய கட்டளைகளை மீறி வரி பிடுங்குகிறார்கள் என்பது முறைப்பாடு. அதற்குக் கிடைத்த பதில்தான் இந்தத் தூண். முறைகேடான தண்டல் கூடாது. முத்திரை பெறாத படியாலும் எடையாலும் அளக்கக் கூடாது. வெற்றிலை பாக்கை அதற்குரிய கொட்டிலில்தான் விற்க வேண்டும். போயா தினத்தில் வியாபாரம் இல்லை. மீறி நடந்தால் மஹியங்கனை விகாரைக்கு விளக்கெரிக்க எண்ணெய் கொடுக்க வேண்டும். மாடு, எருமை, ஆடு விற்க வருகிறவன் யாரென்று தெரிந்து, பிணை வாங்கிய பிறகே வாங்க வேண்டும். குறி மாற்றிச் சுட்ட மாட்டைத் தொடவே கூடாது. மாட்டுத் திருடன் சந்தைக்கு வரும் வழியையெல்லாம் அறிந்தவர்கள் சொல்லிக்கொடுத்த விதிகள் இவை.

தமிழகத்துக் கோயில் சுவர்களில் நாம் படிப்பவை பெரும்பாலும் கொடைகள்: விளக்குக்கு இத்தனை ஆடு, பூசைக்கு இவ்வளவு நிலம். கொடுத்தவன் பெயர் நிலைக்க வெட்டியவை அவை. அதிகாரி எதைச் செய்யக் கூடாது என்பதைச் சந்தைக்கு வருகிற எவரும் காணும்படி நிறுத்தியது இந்தத் தூண்.

இந்த உதயன் யார் தெரியுமா? பராந்தக சோழனிடம் மதுரையை இழந்த பாண்டியன் இராசசிம்மன், தன் முடியையும் அணிகளையும் இலங்கையில் விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான். பராந்தகன் அவற்றைக் கேட்டு ஆளனுப்பியபோது சிம்மாசனத்தில் இருந்தவன் உதயன். தர மறுத்தான். சோழப் படை கடல் கடந்து வந்தது. உதயன் முடியைத் தூக்கிக்கொண்டு உரோகணத்துக்குள் இறங்கிவிட்டான். வந்த படை முடி கிடைக்காமலே திரும்பியது. முதலாம் இராசேந்திரன் அதைக் கைப்பற்றியதாக அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்வது, அதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுக்குப் பிறகு. சோழனுக்குத் தலைவணங்காத மன்னன் பாக்கு விற்பவனின் முறைப்பாட்டுக்குக் காது கொடுத்திருக்கிறான். சூளவம்சம் அவனைக் குடிகாரன், சோம்பேறி என்று பழிக்கிறது. கல் அவனுடைய இன்னொரு முகத்தைக் காட்டுகிறது.

அளவை விதியைப் படிக்கும்போது எனக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம்தான் நினைவுக்கு வருகிறது. சாக்கின் பாரத்துக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோ கழிக்கப்படும்போது, முழுப் பேரா அரைப் பேரா (முழுநாள் கூலியா அரைநாள் கூலியா) என்பது தராசு முள்ளில் முடிவாகிறது. இந்த மண்ணில் எடையைப் பற்றிய வழக்குக்கு ஆயிரம் வயதாகிறது. ஒன்றுகூடிக் கேட்டால் தீர்ப்புக் கிடைக்கும் என்பதற்கும் அதே வயது. ஹாலிஎலப் பாடசாலை ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒருநாள் அந்தத் தூணடிக்கு அழைத்துப் போக வேண்டும். அரசனுடைய பட்டங்களைக் கடந்து, முறையிட்டவர்கள் யார் என்று சொல்லும் இடத்தை விளக்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் உரை தேவைப்படாது.

சந்தை என்றதும் வெலேகடையில் 1889இல் வெள்ளைக்காரர் கட்டிய எண்கோணச் சந்தைக் கட்டடமும் பேச வேண்டியதே. இடம் போதவில்லை. அடுத்த வாரம் கட்டாயம் போகொடைதான்: கல்லந்த ஓயாவின் மேல் ஓட்டுக் கூரையோடு நிற்கும் மரப்பாலம், இரும்பாணிக்குப் பதில் மர ஆணி, பதுளையிலிருந்து கண்டிக்குப் போன பழைய பாதை. அந்தப் பாதையில் சுமை தூக்கிப் போனவர்களிடமிருந்து தொடங்குவோம்.