மலைக்குப் போகும் முன் மழையைக் கேளுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் ஆண்டின் மிகச் சிறந்த தேயிலை கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. மலையின் மறுபக்கமான ஊவாவில், அதாவது பதுளை, பண்டாரவளை, எல்ல வட்டாரத்தில், அந்தக் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. வறண்ட காற்று அடிக்கும்போது கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் ஏறும் என்பது தேயிலைத் தொழிற்சாலைகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சுற்றுலாப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கே போதும். நல்ல தேயிலை வரும் மாதங்களில் அந்தப் பக்கம் மழை குறைவாக இருக்கும், வீதி காய்ந்திருக்கும், மலைமுகடு கண்ணுக்குத் தெரியும்.

மத்திய மலைநாடு மழையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில்தான் முட்டுகிறது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் எல்லாம் அப்போது நனைந்துகொண்டே இருக்கும். நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றின் முறை. அப்போது நனைவது பதுளைப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் வரும் ஒக்டோபர், நவம்பர்தான் எல்லாவற்றிலும் மோசமானவை. பிற்பகல் இடிமழை இரு பக்கமும் கொட்டும், வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும், ஏற்கெனவே ஊறிப்போன மண் தாங்காமல் இறங்கும்.

இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகக் குறைவு. கைப்பேசியில் ஒரு நீர்வீழ்ச்சியின் படம், மேகத்துக்கு நடுவே ஒரு கண்ணாடி அறையின் படம், அடுத்த நிமிடம் முற்பணம். படம் எந்த மாதத்தில் எடுத்தது, அறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அங்கே போகும் வீதியில் பெரிய பஸ் திரும்புமா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய காரணத்தை 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் காட்டியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மண்சரிவில் மிக மோசமாக அடிவாங்கின. வீதிகள் பல இடங்களில் அறுந்தன, மலையக ரயில் பாதை சிதைந்தது, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. விடுமுறைக்கு வந்தவர் வீதி திறந்ததும் ஊருக்குத் திரும்பலாம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் இருப்பவருக்குத் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் (என்பிஆர்ஓ) எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, மக்கள் போவதற்கு மாற்று நிலம் இல்லை. மண்சரிவு எச்சரிக்கை என்பது வானிலைச் செய்தியின் கடைசியில் வரும் சடங்கு அல்ல என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம்.

அந்த நிறுவனம் வெளியிடும் எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டி இன்னும் தொடர்ந்தால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100 மில்லிமீற்றர் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராகுங்கள். 150 மில்லிமீற்றர் தாண்டினால் சிவப்பு: வெளியேறுங்கள். பிரதேச செயலகப் பிரிவு வாரியாகவே அறிவிப்பார்கள் என்பதால், தங்கப்போகும் இடம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. கொத்மலையா, அம்பகமுவையா, வலப்பனையா, ஹாலிஎலவா என்று தெரியாதவருக்கு வானொலியில் பெயர் வந்தாலும் பயன் இல்லை. மஞ்சள் அறிவித்திருக்கும் பிரிவுக்குப் புதிதாகப் பயணம் தொடங்கத் தேவையில்லை. செம்மஞ்சள் வந்தால், கொடுத்த முற்பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தைக் கைவிடுவதே சரி.

நிறத்துக்குக் காத்திராமல் கண்ணால் பார்க்கக்கூடிய அறிகுறிகளும் இருக்கின்றன. நேற்று மூடிய கதவு இன்று நிலையில் இறுகி மூட மறுக்கும். சுவரிலும் முற்றத்திலும் புது வெடிப்பு ஓடும். மின்கம்பமும் மரமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி ஓடும், அல்லது இதுவரை ஈரமே இல்லாத இடத்தில் புதிதாக நீர் கசியும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு சரிவுக்கு நேர் கீழே இல்லாத இடத்துக்குப் போய்விட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. தோட்டத்தில் நெடுங்காலம் இருக்கும் ஒரு அம்மா “இன்னைக்கு ராத்திரி இங்க படுக்க வேணாம்” என்று சொன்னால், அந்தச் சொல்லை எந்தச் செயலியைவிடவும் மேலாக மதிக்க வேண்டும்.

அறை பதிவு செய்யும்போது தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்வி நேரடியானது: “அண்ணன், உங்க இடத்துக்குப் பின்னால மண் வெட்டின சரிவு இருக்கா? என்பிஆர்ஓ அறிக்கை எடுத்துக் கட்டினதா?” மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டடம் எழுப்புவதற்கு முன் அந்த நிறுவனத்தின் இடர் மதிப்பீட்டு அறிக்கை பெற வேண்டும் என்பது விதி. முறையாகக் கட்டியவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரின் இடத்தில் தங்க வேண்டாம்.

இனி வீதி. மலைநாட்டில் மண்ணைவிட அடிக்கடி உயிரைக் குடிப்பது இதுதான். 2025 மே 11 அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போய்க்கொண்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கெரண்டியெல்லயில் பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் எல்ல–வெல்லவாய வீதியில் விழுந்து 15 பேர் உயிரிழந்தார்கள். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்லக் குறுக்கு வீதியில் கொழும்புப் பாடசாலை ஒன்றின் சுற்றுலா பஸ் வானிலும் ஓட்டோவிலும் மோதியது. மாண்ட 7 பேரும் வானிலும் ஓட்டோவிலும் இருந்தவர்கள். அந்தப் பஸ்ஸின் பயணத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் அந்த வழியில் வந்தவர்கள் அவர்கள். ஒரு குழு தவறான வீதியைத் தேர்ந்தெடுத்தால் விலை கொடுப்பது அந்தக் குழு மட்டும் அல்ல.

இறக்கத்தில் நடப்பது எளிய இயற்பியல். நீண்ட சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை வந்தால் அதுதான் கடைசி எச்சரிக்கை. மலையில் பழகிய சாரதி குறைந்த கியரில் எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்குவார். அதனால் வாகனம் பேசும்போது கட்டணத்துக்கு முன் கேட்க வேண்டியது, சாரதி இந்த வீதியில் எத்தனை தடவை ஓட்டியவர், முந்திய இரவு தூங்கினாரா, இரவில் இறங்கும் திட்டம் இருக்கிறதா என்பவைதான். கொழும்பிலிருந்து இரவு புறப்பட்டு, விடிய நுவரெலியா பார்த்து, அன்றிரவே திரும்பும் ஒரு நாள் பயணம் மலிவாகத் தெரியலாம். அதே சாரதி இருபது மணி நேரம் விழித்திருக்கிறார் என்பதே அந்த மலிவின் பொருள். விசேட சுற்றுலா ஓட்டத்துக்கான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றையும் பார்க்கக் கேட்பதில் வெட்கப்பட ஏதும் இல்லை. சாரதி கண்மூடித்தனமாக ஓட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் 119க்கு அழையுங்கள். காயம் பட்டால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

ரயிலைப் பற்றி ஒரு சொல். மிதிபலகையில் தொங்கிப் படம் எடுக்கப்போய் விழுந்தவர்களின் செய்தி மலையகப் பாதையில் திரும்பத் திரும்ப வருகிறது. சுரங்கப் பாதையின் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஆளுக்கு இடம் கிடையாது.

நீரில் வரும் ஆபத்து ஓசை இல்லாமல் வரும். நீர்வீழ்ச்சிக்குக் கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் இறங்கிவிடும். காசல்ரி, மவுசாக்கலை, லக்சபான, மேல் கொத்மலை என்று நீர்மின் தேக்கங்கள் அடுக்கடுக்காக இருக்கும் பகுதி இது. வான்கதவு திறந்தால் ஆற்றின் நடுப் பாறையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கரைக்கு வர நேரம் இருக்காது. நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சைரன் கேட்டாலோ, செருப்பைத் தேடாமல் கரையேற வேண்டும். சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் பௌர்ணமி முதல் மே வெசாக் வரைதான் பருவம். அதற்கு வெளியே நல்லதண்ணியிலிருந்து ஏறும் படிகளில் விளக்கும் இல்லை, தேநீர்க் கடையும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை.

பணத்தில் ஏமாறுவது தனிக் கதை. அழகான பங்களாவின் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டு, போலிப் பக்கம் திறந்து, பண்டிகைக் காலத்தில் முற்பணம் வாங்கி மறைந்துவிடுகிறார்கள். தங்குமிடத்தின் பெயரைச் சொல்லி, இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு உண்டா என்று 1912இல் விசாரிக்கலாம். பணத்தைத் தனிநபர் கணக்குக்கு முழுதாக அனுப்பாமல், இரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும், மண்சரிவு எச்சரிக்கையோ வீதி மூடலோ வந்தால் என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான், அழிக்காமல் வைத்திருங்கள். ஏமாந்துவிட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு, இரண்டாவது பொலிஸுக்கு. கணினி வழி மோசடி 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் வரும்.

பற்றுச்சீட்டையும் வாசியுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம் என்பது வழக்கம். பெறுமதி சேர் வரி 18 வீதம் போட்டிருந்தால் அந்தச் சீட்டில் வரிப் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். பதிவில்லாத இடம் அந்த வரியை வசூலிக்க முடியாது. விலைப்பட்டியலைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவதும் விற்பவரின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டும் அல்ல, சேவைக்கும் பொருந்தும். சுடுநீர் உண்டு என்று சொல்லிக் குளிர்நீர் தந்தாலும், மலை தெரியும் அறை என்று சொல்லிச் சுவர் தெரியும் அறை தந்தாலும், சேவை கிடைத்த 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட்டு நட்டஈடு கோரலாம். உடனடி முறைப்பாட்டுக்கு இலக்கம் 1977. தொகை சிறியது, வழக்குக்குப் போக மனம் இல்லை என்றால் 1988ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, இரு தரப்பும் நேரில் உட்கார்ந்து பேசுவார்கள்.

இத்தனையும் விருந்தாளியின் உரிமை. வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வதில்லை. கொழுந்துக் கூடையைத் தலைப்பட்டியில் மாட்டிச் சரிவில் நிற்கும் பெண், நாள் முடிவில் கொழுந்தின் எடைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். “இந்தப் பக்கம் திரும்புங்கக்கா, சிரிங்கக்கா” என்று நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கூலியிலிருந்து போகிறது. முதலில் கேளுங்கள், மறுத்தால் கருவியை இறக்குங்கள். லயத்து வாசல், காயப்போட்ட துணி, குளிக்கும் பீலி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை ஆகியவை காட்சிப் பொருள் அல்ல. பிள்ளைகளுக்கு இனிப்பும் காசும் வீசி எறிந்து படம் எடுக்கும் பழக்கம் அவமதிப்பு, அதை வேறு பெயரால் அழைக்க முடியாது.

தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை இன்னொரு பெரிய விடயம் இருக்கிறது. லயத்துக்கு மேலே சரிவை வெட்டி விடுதி எழும்பும்போது, வடிகால் எந்தப் பக்கம் திரும்புகிறது, ஊற்று யார் குழாய்க்குப் போகிறது என்பது கீழே இருப்பவரின் உயிர்ப் பிரச்சினை. அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது யார், மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கை இருக்கிறதா என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிடம் எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே பிரதேச சபையின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தில் கட்டடம் இருக்கும் தோட்டப் பிரிவின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, வேலை தொடங்கிய மாதம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்தால், கோப்பு கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்புவது கடினம்.