மீன் தொட்டிக்குள் 4 அடி நீள ராட்சதப் புழு!

ராத்திரியில் வேட்டை, பகலில் பாறைக்குள் தூக்கம்
பவளத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘திருட்டுப் பயணிகள்’

பவளமும் வண்ண மீன்களும் வைத்திருந்த கடல்நீர்த் தொட்டி ஒன்றில் மீன்கள் அடிக்கடி காயம் அடைந்தன. பவளம் இரண்டு துண்டாக அறுந்து கிடந்தது. யார் செய்த வேலை என்று பல மாதங்களாகத் தெரியவில்லை. கடைசியில் பாறைகளைப் பிரித்துப் பார்த்தபோது 4 அடி நீளமுள்ள ராட்சதப் புழு பிடிபட்டது!

இங்கிலாந்து நாட்டில் 2009-ம் ஆண்டு நடந்த இந்தச் சம்பவம் பற்றிய விவரம் வருமாறு:-

பொறி வைத்தும் சிக்கவில்லை

கார்ன்வால் பகுதியில் உள்ள கடற்கரை நகரம் நியூகே. அங்கே ‘புளூ ரீப்’ என்ற மீன் காட்சிசாலை இருக்கிறது. அதில் உள்ள பவளத் தொட்டியில்தான் இந்த மர்மம் நடந்தது.

ராத்திரி நன்றாக இருந்த பவளம் காலையில் அறுந்து கிடக்கும். டேங் என்ற வகை மீனுக்குப் பலத்த காயம். ஊழியர்கள் ராத்திரியில் இரை வைத்துப் பொறி போட்டார்கள். காலையில் பார்த்தால் இரையைக் காணோம். பொறியும் நாசம்!

“இனி பொறுக்க முடியாது” என்று தொட்டியையே பிரிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தார்கள். பாதிப் பாறைகளை எடுத்தபோது ‘ஆசாமி’ தலையைக் காட்டினான்.

மீன் துண்டைக் காட்டி அவனை வெளியே இழுக்கப் பார்த்தார்கள். 20 பவுண்டு எடை தாங்கும் தூண்டில் நரம்பை ஒரே கடியில் அறுத்துவிட்டான்! கடைசியில் ஒருவழியாகப் பிடித்து, தனித் தொட்டியில் விட்டார்கள். ‘பாரி’ என்று செல்லப் பெயரும் வைத்தார்கள்.

இது பாபிட் புழு என்ற வகை. ஜப்பானில் அதே 2009-ம் ஆண்டு, மிதவையில் சிக்கிய ஒரு புழு 299 சென்டிமீட்டர் இருந்தது. கிட்டத்தட்ட 10 அடி!

எப்படி உள்ளே வந்தது?

யாரும் இந்தப் புழுவை வாங்கித் தொட்டியில் விடவில்லை. தொட்டிக்குக் கொண்டுவந்த பாறையோடு குட்டிப் புழுவாக வந்திருக்க வேண்டும் என்று காட்சிசாலையினர் கருதினார்கள். உள்ளே வந்தது, மீன் தின்றது, வளர்ந்தது. அவ்வளவுதான்.

டிக்கெட் இல்லாமல் ரெயில் ஏறும் ஆசாமிகளைப் போல, பவளத்தோடும் பாறையோடும் ஒட்டிக்கொண்டு வரும் உயிர்கள் ஏராளம். நண்டு, நத்தை, தட்டைப்புழு, கடல் சாமந்தி, கண்ணுக்கே தெரியாத பூச்சி எல்லாம் இதில் உண்டு. உலகம் முழுவதும் பவளத் தொட்டி வளர்ப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

எல்லாரும் எதிரி அல்ல

ஏதாவது ஊர்ந்தால் உடனே கொன்றுவிட வேண்டும் என்று நினைப்பது தப்பு.

உடம்பின் இரண்டு பக்கமும் முடி முளைத்த சிறு புழுக்கள் பல தொட்டிகளில் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை, மீன் தின்று மிச்சம் வைத்ததைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்பவை. ஆனால் வெறுங்கையால் தொடக்கூடாது. முடி தோலில் ஏறினால் எரிச்சல் தாங்காது.

டிரபீசியா என்ற சின்ன நண்டு பவளத்தின் கிளைகளுக்கு இடையே குடியிருக்கும். இது பவளத்துக்குக் காவல்காரன். பவளத்தைத் தின்ன நட்சத்திர மீன் வந்தால், அதன் காலைக் கிள்ளி விரட்டிவிடும்! அதே சமயம் உடம்பெல்லாம் ரோமம், கறுத்த கொடுக்கு உள்ள நண்டு என்றால் உஷாராக இருக்க வேண்டும். அவற்றில் பல பவளத்தையே பிய்த்துத் தின்னக்கூடியவை.

ஆகவே முதலில் ஆள் யார் என்று அடையாளம் காணவேண்டும். தண்டனை அப்புறம்!

டார்ச் லைட்டில் துப்பு

பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொட்டி விளக்கை அணைத்து, 2 மணி நேரம் கழித்து, டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிப் பார்க்க வேண்டும். பல உயிர்களுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. தைரியமாக வெளியே உலாவும்.

கிளைப் பவளத்தில் வெளுத்த வட்டப் புள்ளிகள் இருந்தால் அது தட்டைப்புழு கடித்த அடையாளம். இந்தப் புழு பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும். நேரில் பார்த்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். பவளத்தின் அடியில், செத்துப்போன பகுதியில், பழுப்பு நிற முட்டைகளைக் கொத்தாக இடும். அதைத்தான் தேட வேண்டும்.

அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ‘சிவப்புப் பூச்சி’ இன்னொரு எதிரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மஞ்சள் உடம்பில் ஒரு சிவப்புப் பொட்டு தெரியும்.

மருந்துக் குளியல்

புதிய பவளத்தை நேராகத் தொட்டிக்குள் போடக்கூடாது. ஒரு வாளியில் கடல்நீர் எடுத்து, அதற்கென்று உள்ள அயோடின் மருந்தைச் சொன்ன அளவில் கலக்கி, 5 முதல் 10 நிமிடம் குளிப்பாட்ட வேண்டும். ரப்பர் குமிழ் உள்ள குழாயால் தண்ணீரை அடித்தால், ஒட்டிக்கொண்டிருந்த புழுக்கள் ஒவ்வொன்றாக உதிரும். பிறகு சுத்தமான கடல்நீரில் அலச வேண்டும்.

ஆனால் மருந்துக்கு முட்டை சாகாது! அதனால்தான் ஒரு குளியலோடு நிறுத்திவிட்டவர்கள் பிறகு தலையில் கை வைக்கிறார்கள். முட்டையைக் கத்தியால் சுரண்ட வேண்டும். பவளத்தைச் சில வாரம் தனித் தொட்டியில் வைத்து, திரும்பத் திரும்பக் குளிப்பாட்ட வேண்டும்.

சுண்ணாம்பு வைத்தியம்

ஐப்டேசியா என்ற பழுப்பு நிறக் கடல் சாமந்தி, பக்கத்தில் உள்ள பவளத்தைக் கொட்டியே கொல்லும். கோபத்தில் பிய்த்து எறிந்தால் போச்சு! ஒட்டியிருக்கும் சிறு துண்டில் இருந்தும் புதிதாக முளைக்கும்.

இதற்குச் சுண்ணாம்புதான் மருந்து. சுத்தமான சுண்ணாம்பைக் களிபோலக் குழைத்து, ஊசிக்குழாயில் எடுத்து, அதன் வாயில் வைத்தால் கதை முடிந்தது. ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாத பெர்கியா என்ற கடல் நத்தையும் உண்டு.

முரட்டு நண்டைப் பிடிக்கக் கண்ணாடி டம்ளர் போதும். உள்ளே மீன் துண்டு போட்டு, பாறையோரம் சாய்த்து வைத்தால், நண்டு இறங்கும். வழுக்கும் கண்ணாடியில் ஏறி வர முடியாது!

கொதிநீர் ஊற்றினால் ஆபத்து

இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பொத்தான் போலக் கூட்டமாக முளைக்கும் ஒருவகைப் பவளத்தில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு.

அமெரிக்காவில் ஒருவர், வேண்டாமல் முளைத்த இதை ஒழிக்கக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார். கிளம்பிய ஆவியைச் சுவாசித்து, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார். 2010-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் இது பதிவாகி உள்ளது.

இங்கிலாந்தில் ஸ்டீவன்டன் என்ற ஊரில், 2018-ம் ஆண்டு மார்ச் மாதம், ஒருவர் வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்து பவளத்தைத் தேய்த்தார். வீட்டில் இருந்த அனைவருக்கும் காய்ச்சல், மூச்சுத்திணறல். உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் உள்பட 10 பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்!

கையுறை, கண்ணாடி இல்லாமல் பவளத்தைத் தொடாதீர்கள். தேய்க்காதீர்கள். வேகவைக்காதீர்கள்.

நம் நாட்டில் ஜெயில்!

சென்னை கொளத்தூர் வண்ண மீன்களுக்குப் பேர்போன இடம். ‘மீன் வளர்க்கிறோமே, பவளமும் வைத்தால் என்ன?’ என்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாறையாக வளரும் பவளங்கள் 2001-ம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு! கடலில் இருந்து எடுத்தாலோ, விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில்.

மன்னார் வளைகுடாப் பவளம் கடலிலேயே இருக்கட்டும். அங்கே காவலுக்கு நண்டு இருக்கிறது. தொட்டிக்கு வந்தால் காவல் நம் பொறுப்பு. 4 அடிப் புழுவும் வந்த அன்று ஒரு சின்னக் குட்டிதான்!