கேமரன் மலையில் நாயோடு ஒரு நடை

"வசந்த காலத்தில் நாயோடு மலையேறுவது பற்றிப் பேசுங்கள்" என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் நாட்டில் வசந்தம் ஏது? மழை உண்டு, கொஞ்சம் குறைந்த மழை உண்டு. அவ்வளவுதான்.

நம் பஞ்சாங்கப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் கேமரன் மலையில் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் ஆனால் மழை பிடித்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பரிலும் அப்படித்தான். பொங்கல் முடிந்து வரும் சில வாரங்கள்தான் அங்கே சற்றுக் காய்ந்திருக்கும். மலையில் பிறந்த எங்களுக்கு அதுதான் வசந்தம்.

நான் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா மண்டோர். இன்று வேலை கோலாலம்பூரில் என்றாலும், விடுமுறை கிடைத்தால் மலைக்கு ஓடிவிடுவேன். அங்கே எங்கள் பிளாக்கி காத்திருக்கும்.

நாய்க்குத் தேயிலைத் தோட்டத்தைப் போல நல்ல இடம் வேறில்லை. நம்மைப் போல அதற்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. கிள்ளானிலோ ஈப்போவிலோ காலை பத்து மணிக்குத் தார்ச்சாலையில் நடத்திப் பாருங்கள், பாதம் வெந்துவிடும். மலையில் பகலிலும் 25 பாகையைத் தாண்டுவது அரிது. மண்பாதை வேறு. இரண்டு மணி நேரம் நடந்தாலும் பிளாக்கி சோர்ந்ததில்லை. காலை ஏழரைக்குப் பனி விலகும்போது புறப்பட்டு, பத்து மணிக்குள் திரும்பிவிடுவோம். தேயிலை நிரைகளுக்கு நடுவே அது முகர்ந்து முகர்ந்து நிற்கும். அவசரப்படுத்தாதீர்கள். நாம் பச்சையைப் பார்க்கிறோம். அது நேற்றிரவு யார் யார் வந்துபோனார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் தோட்டம் பூங்கா அல்ல. போ தோட்டம் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கியது, இன்றும் அங்கே வேலை நடக்கிறது. எந்தத் தோட்டமானாலும் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத்தான் நாயோடு நுழைய வேண்டும். கேட்கும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த வாரம் எந்தப் பக்கம் மருந்து அடித்தார்கள்? பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் நாடு 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. அதோடு மருந்து அடிப்பது நின்றுவிடவில்லை. புல்லில் நடந்த காலை நாய் வீட்டுக்கு வந்து நக்கும். விஷம் நேரே வயிற்றுக்குப் போகும். வந்தவுடன் நான்கு கால்களையும் கழுவித் துடையுங்கள். காய்கறித் தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். மருந்து மட்டுமல்ல, எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற காய்ச்சலும் அந்தத் தண்ணீரில் இருக்கலாம். அது நமக்கும் தொற்றும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு.

அட்டையைப் பற்றி நேயர்கள் நிறையக் கேட்டார்கள். அட்டை பயப்படும் விஷயமே அல்ல. விரலிடுக்கையும் காதையும் பாருங்கள், போதும்.

பயப்பட வேண்டியது வேறு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், "பாவம், கொஞ்சம் ஓடட்டுமே" என்று பிளாக்கியின் கயிற்றை அவிழ்த்தேன். பன்றி வாடை அடித்திருக்க வேண்டும். ஒரே பாய்ச்சல். கூப்பிட்டேன், விசிலடித்தேன், அழுதேன். அன்று வரவில்லை. மறுநாள் மாலை அப்பாதான் கண்டுபிடித்தார். காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் முன்னங்கால் மாட்டியிருந்தது. இரண்டு விரல்கள் போய்விட்டன. கண்ணி வைப்பதை 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் நாய்க்குத் தெரியுமா? அப்பா என்னைத் திட்டவில்லை. "கயித்த விடாதம்மா, காடு நம்ம வீடு இல்ல" என்றார், அவ்வளவுதான்.

நாய் இருந்தால் வழி தவறாது என்று நம்புகிறவர்கள் பலர். பழகிய பாதையில் சரி. காட்டில் அதுவே பன்றியின் பின்னால் போய்விட்டால் யாரை நம்புவது? தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர் பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26ஆம் தேதி பிற்பகல் தானா ராத்தா அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து தனியே வெளியே போனார். போலீசார், இராணுவத்தினர், அந்தக் காட்டை நன்கறிந்த ஓராங் அஸ்லி மக்கள் எல்லாரும் தேடினார்கள். இன்றுவரை தடயம் இல்லை. ஆகவே ஜாசார் மலைப் பாதையானாலும் சரி, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பிரிஞ்சாங் மலை உச்சியின் பாசிக்காட்டுக்கு மட்டும் நாயைக் கூட்டிப் போகாதீர்கள் என்பது என் கருத்து. அந்தப் பாசியும் கெண்டிச் செடிகளும் ஒரு பிராண்டலைக் கூடத் தாங்கா.

கயிறு இன்னொன்றுக்கும் தேவை. எதிரே மலாய்க்காரக் குடும்பம் வந்தால் கயிற்றைச் சுருக்கி ஓரமாக நில்லுங்கள். நம் நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபி நெறிப்படி, நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். சுற்றுலா வந்த இடத்தில் அவர்கள் மண்ணுக்கு எங்கே போவார்கள்? நாம் ஒதுங்கி நின்றால் அவர்கள் சிரித்துத் தலையசைத்துப் போகிறார்கள். பத்துத் தடவையில் ஒன்பது தடவை அப்படித்தான்.

தெருநாய்கள் பற்றி ஓர் அன்பர் கேட்டார். குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது விட்டுப்போன நாய்களின் வாரிசுகள் லயத்துப் பக்கம் இன்னும் சுற்றுகின்றன. வெறிநோய் அற்ற நாடு என்று 2012இல் நமக்குப் பெயர் கிடைத்தது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017இல் சரவாக்கிலும் நோய் வந்துவிட்டது. கடித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிளாக்கிக்கு இப்போது பதினொரு வயது. முனியாண்டி கோயில் வரை நொண்டிக்கொண்டே வரும். அங்கே வந்ததும் படியில் படுத்துவிடும். நான் கொழுந்து கிள்ளுகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவேன். அது எழுந்து வாலாட்டும். இருவரும் வீட்டுக்குத் திரும்புவோம். கயிறு என் கையில்தான்.