இஞ்சி எண்ணெய்: ஒரு டன் விளைச்சலும் ஒரு சிறு கலனும்

‘இஞ்சி லாபம் மஞ்சளில்’ என்பது பழமொழி. ஒரு பயிரில் கண்ட ஆதாயம் மறு பயிரில் கரைந்துபோவதை அது சொல்கிறது. கேரளத்தின் வயநாட்டு விவசாயிகளோ, மஞ்சள் வரை போக வேண்டியதில்லை, இஞ்சி லாபம் இஞ்சியிலேயே போய்விடும் என்பார்கள். ஓர் ஆண்டு விலை உயர்ந்தால், மறு ஆண்டு எல்லோரும் இஞ்சியையே நடுகிறார்கள். நிலம் போதாதவர்கள் எல்லை கடந்து குடகிலும் மைசூர்ப் பகுதியிலும் குத்தகை நிலம் தேடுகிறார்கள். மழைக்காலத்தில் மென்னழுகல் நோய்க்குத் தப்பிய பயிர், அறுவடையில் விலைச் சரிவிடம் சிக்குகிறது. தோண்டிய பச்சை இஞ்சியோ நெடுநாள் காத்திருக்காது.

“எண்ணெயாக வடித்து வைத்துக்கொண்டால் நல்ல விலை வரும்வரை பொறுத்திருக்கலாமே, அதற்குக் கடன் கிடைக்குமா?” என்ற கேள்வி விவசாயக் குழுக்களிடமிருந்து எழுவது இயல்பே. நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, முதலில் அந்த எண்ணெய் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்ப்போம்.

மணம் வேறு, காரம் வேறு

இஞ்சிக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று மணம், மற்றொன்று இஞ்சி தின்ற குரங்கின் முகத்தை மாற்றும் காரம். மணத்தைத் தருபவை ஜிஞ்சிபெரீன் முதலான, ஆவியாகும் பொருட்கள். காரத்தைத் தருவது ஜிஞ்சரால். அது எளிதில் ஆவியாவதில்லை. எனவே நீராவியால் வடித்தெடுத்த இஞ்சி எண்ணெயில் மணம் நிறைந்திருக்கும். காரம் ஏறத்தாழ இராது. இரண்டும் சேர்ந்து வேண்டுமானால் கரைப்பான் கொண்டு பிசின் போன்ற ஓலியோரெசினைப் பிரிக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களைக் கையாள்வது சிறிய கூடங்களுக்கு ஏற்றதன்று. மிகு அழுத்தத்தில் கரியமில வாயுவைக் கொண்டு பிரிக்கும் முறையும் உண்டு. அதன் விளைவு மிகச் சிறந்தது. ஆனால் இயந்திரத்தின் விலை பெருநிறுவனங்களுக்கே கட்டுப்படியாகும். ஆகவே விவசாயிக் குழுவின் கைக்கு எட்டுவது நீராவி முறையே.

சுக்கிலிருந்து சொட்டு வரை

எண்ணெய்க்கான இஞ்சியை, நட்டு எட்டு மாதம் கடந்து, தழை பழுத்து உலர்ந்தபின் தோண்டுவது வழக்கம். எண்ணெய் அறைகள் பெரிதும் தோலை ஒட்டியே அமைந்துள்ளன. விற்பனைச் சுக்குக்குத் தோல் நீக்குவோர், இரும்புக் கத்தியைத் தவிர்த்து மூங்கில் சிம்பால் மேலாகச் சுரண்டுவது இதனால்தான். வடிப்பதற்கான இஞ்சியிலோ தோலையே நீக்க வேண்டியதில்லை. மண் போகக் கழுவி, வில்லைகளாக்கி, வெயிலில் ஈரப்பதம் பத்து சதவீதத்திற்கு வரும்வரை உலர்த்தினால் போதும்.

உலர்ந்த சுக்கை வடிப்பதற்குச் சற்று முன்னரே உடைக்க வேண்டும். உடைத்து வைத்தால் மணம் பறந்துவிடும். மாவாக அரைத்தால் அது கெட்டித்துப்போய், நீராவி ஓரிரு வழிகளில் மட்டும் பீறிட்டு வெளியேறும். எனவே கொரகொரப்பான நொய்யாக உடைத்து, துருப்பிடிக்காத எஃகினாலான கலத்தில் சீராக நிரப்புகிறார்கள். அடியிலிருந்து நுழையும் நீராவி நொய்யினூடே ஏறி, மணப்பொருட்களைத் தன்னுடன் சுமந்து, குளிர்ந்த நீர் சூழ்ந்த குழாயில் மீண்டும் நீராகிறது. நீரைவிட எண்ணெய் இலேசானது. பிரிகலத்தில் வெளிர்மஞ்சள் படலமாக மேலே மிதக்கிறது.

இஞ்சி அவசரக்காரர்களுக்கு உரியதன்று. அதன் மணப்பொருட்களில் பல மெதுவாகவே வெளிவருவதால், ஒரு முறை வடிக்கப் பல மணி நேரம் ஆகும். எரிபொருளை மிச்சப்படுத்தப் பாதியில் நிறுத்தினால் எண்ணெயின் அளவோடு தரமும் குறையும். பச்சை இஞ்சியை நேரடியாக வடிப்பதும் உண்டு. அந்த எண்ணெயில் எலுமிச்சைச் சாயல் மிகும். ஆனால் அதன் எடையில் பெரும்பகுதி நீர் என்பதால் கலத்தைப் பலமுறை நிரப்ப வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

நூறு கிலோ பச்சை இஞ்சி காய்ந்தால் ஏறத்தாழ இருபது கிலோ சுக்கு கிடைக்கும். சுக்கில் எண்ணெய் 1.5 முதல் 3 சதவீதம் வரை. இரண்டு சதவீதம் எனக் கொண்டால், 1,000 கிலோ பச்சை இஞ்சி 200 கிலோ சுக்காகி, 4 கிலோ எண்ணெயாக முடிகிறது. அதாவது ஒரு கிலோ எண்ணெய்க்கு 250 கிலோ பச்சை இஞ்சி தேவை.

பச்சை இஞ்சியைக் கிலோ 20 ரூபாய் என வைத்துக்கொண்டால், ஒரு கிலோ எண்ணெயின் மூலப்பொருள் செலவு மட்டும் 5,000 ரூபாய். 60 ரூபாய் ஆனால் அதுவே 15,000 ரூபாய். உலர்த்தும் கூலி, எரிபொருள், வட்டி ஆகியவை இதற்கு மேல். இஞ்சி விலை உயர்ந்த ஆண்டில் வடிப்பது நட்டமாகலாம். பச்சையாக விற்பதே அறிவுடைமை. ஆனால் அந்த ஆண்டில் வடிகலன் ஓய்வெடுத்தாலும் வட்டி ஓய்வெடுப்பதில்லை. கடன் கேட்பவர் எண்ணிப் பார்க்க வேண்டிய முதல் செய்தி இது.

இந்தக் கணக்கை மாற்றுபவை இரண்டு. ஒன்று, இரகத் தேர்வு. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வரதா, மகிமா, ரஜதா ஆகியவற்றுள் ரஜதா எண்ணெய் மிகுந்தது. மற்றொன்று, வடித்தபின் எஞ்சும் சக்கை. அதில் காரம் பெரும்பாலும் தங்கியிருப்பதால், உலர்த்தினால் ஓலியோரெசின் ஆலைகளுக்கு அது மூலப்பொருளாகலாம். சக்கைக்கு விலை பெறாதவர் இஞ்சியின் ஒரு பாதியை எறிந்தவர் ஆகிறார்.

முதலில் களம், கடைசியில் கலம்

விலைக்காகக் காத்திருக்கும் ஆற்றலே விவசாயியின் தேவை எனில், அதை முதலில் தருவது எண்ணெயன்று, சுக்கு. நன்கு உலர்ந்து, ஈரமும் பூச்சியும் அண்டாமல் வைத்த சுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும். அதற்கு வேண்டியவை சிமென்ட் களமும் காற்றோட்டமுள்ள கிடங்குமே. இத்தகைய அறுவடைக்குப் பிந்தைய வசதிகளுக்கு, 2020-இல் தொடங்கப்பட்ட வேளாண் உட்கட்டமைப்பு நிதியின் கீழ் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை வழங்கப்படுகிறது. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான பிரதமரின் திட்டத்தில், தகுதியுள்ள திட்டச் செலவில் 35 சதவீதம், தனிநபர் அலகுக்கு அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. தங்கள் திட்டம் இவற்றில் எதனுள் அடங்கும், நடப்பு விதிகள் யாவை என்பதை விண்ணப்பிக்குமுன் கிளையில் கேட்டறிக.

இரண்டாவது படி, வாங்குபவர். வாசனைப் பொருள் நிறுவனங்கள் ஆய்வகச் சான்று கேட்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் ஜிஞ்சிபெரீன் குறைந்து எண்ணெயின் இயல்பு மாறும். எனவே நிறமேற்றிய புட்டியில் விளிம்புவரை நிரப்பிக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். கொச்சியில் உள்ள நறுமணப் பொருட்கள் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தை நாடலாம். சிறிதளவு சுக்கைப் பிறரது கூடத்தில் கூலிக்கு வடித்து, மாதிரியைக் காட்டி, விலையைக் கேட்டறிந்த பின்னரே சொந்த வடிகலனைப் பற்றி எண்ணலாம்.

களம், வாங்குபவர், கலம் என்ற இந்த வரிசையில் திட்ட அறிக்கையுடன் வரும் குழுவை நமது கிளைகள் மகிழ்வுடன் வரவேற்கும். வரிசை தலைகீழானால், இஞ்சியில் கண்ட லாபம் மஞ்சளுக்குக்கூடப் போகாது. கொதிகலனின் புகையோடு போய்விடும்.