அந்த மெஷின் யார் கையில் இருக்கிறது?

மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர், அருப்புக்கோட்டை, மதுரை என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அந்தப் பலகைகள் இப்போது கண்ணில் படுகின்றன. முடி நீக்கும் லேசர், மங்கு போக்கும் லேசர், தழும்பை மறைக்கும் சிகிச்சை, கொழுப்பை உறைய வைத்துக் கரைக்கும் மெஷின். பெருநகரத் தோல் மருத்துவமனைகளில் மட்டும் இருந்த கருவிகள் இன்று பியூட்டி பார்லரின் உள்ளறை வரை வந்துவிட்டன. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே பெண்ணுக்கு ‘ஆறு சிட்டிங் பேக்கேஜ்’ பேசி முன்பணம் கட்டுகிற குடும்பங்கள் உண்டு. போன வாரம் மாப்பிள்ளைப் பையனுக்கும் பேசினார்கள் என்று கேள்விப்பட்டால் யாரும் இங்கே ஆச்சரியப்படுவதில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் தனியான ஒரு வேதனையும் சேர்கிறது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம், 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு பட்டாசு ஆலை விபத்திலும் செய்தி இறந்தவர்களை எண்ணி முடித்துவிடுகிறது. பிழைத்தவர்கள் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெந்த தழும்போடு வீடு திரும்புகிறார்கள். வேலை தேடும்போதும் வரன் பார்க்கும்போதும் அந்தத் தழும்புதான் முன்னால் நிற்கிறது. ‘தழும்பு இருந்த இடம் தெரியாது’ என்று செல்போனில் ஓடும் விளம்பரம் இவர்களைத்தான் குறிவைக்கிறது. அதனால்தான் இதை அழகு சம்பந்தப்பட்ட சின்ன விஷயமென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

லேசர் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சரியான கையில் அது நல்ல கருவி. அதை யார் பிடிக்கிறார்கள், என்ன காகிதத்தைத் தருகிறார்கள் என்ற இரண்டையும் கேட்காமல் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பதே என் வேண்டுகோள்.

முதலில் கருவி வேலை செய்யும் விதம். முடி நீக்கும் லேசர் முடியின் கருமையைத் தேடிப் போய்ச் சுடுகிறது. அந்தக் கருமைக்குக் காரணமான மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறது. வெளுத்த தோலுக்கு வைத்த அளவை அப்படியே நம் தோலில் வைத்தால், முடியின் வேருக்குப் போக வேண்டிய சூட்டை மேல்தோல் வாங்கிக்கொள்ளும். கொப்புளம் எழும், பிறகு கரும்படையோ வெள்ளைத் திட்டோ நிற்கும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ‘என்டி யாக்’ வகை லேசர் கருத்த தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் தேர்வு செய்வது இதனால்தான். ‘ஐபிஎல்’ என்ற ஒளிக்கருவி ஒரே அலைநீளத்தில் நிற்பதில்லை. கருத்த தோலில் அதைப் பயன்படுத்த அனுபவமும் கவனமும் வேண்டும். ஆன்லைனில் வாங்கி வீட்டில் உபயோகிக்கும் ஐபிஎல் கருவிகளின் பெட்டியில் எந்தத் தோல் நிறத்துக்கு ஆகாது என்று ஒரு அட்டவணை அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் வாங்கிவிட்டு மெஷினைக் குறை சொல்வதில் பயனில்லை. வயலிலோ வெயிலிலோ வேலை பார்த்துத் தோல் கறுத்திருக்கும் நாட்களில் எந்த ஒளிச் சிகிச்சையும் வேண்டாம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி தராத இடத்தில் மெஷினை ஆன் செய்யவே விடாதீர்கள்.

மங்குக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது வெயில், ஹார்மோன், பிரசவம், கருத்தடை மாத்திரை என்று பல காரணங்களால் வருவது. லேசரில் கொஞ்ச நாள் வெளுத்து, பிறகு முன்பைவிடக் கறுத்துத் திரும்புவது வழக்கமாக நடக்கிற ஒன்று. முகத்தில் திடீரென்று முடி வளரும் இளம்பெண்களுக்கும் உள்ளே ஹார்மோன் கோளாறு இருக்கலாம். அதைப் பார்க்காமல் சிட்டிங் மேல் சிட்டிங் போட்டால் பணம் போகும், முடி வந்துகொண்டே இருக்கும். மச்சத்தையும் மருவையும் பேனா மாதிரியான கருவியால் எரித்துவிடுகிறார்கள். ஒரு மச்சம் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். எரித்துவிட்டால் பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது.

உயிருக்கே ஆபத்து வருமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன். 2016 மே மாதம், 22 வயது மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போய் இரண்டு நாளில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம் மட்டுமே என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவருக்கே உள்ளே நடப்பதை எடைபோட முடியவில்லை என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் எம்மாத்திரம்? 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடுதலுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, பயிலரங்கு பார்த்தோ யூடியூப் பார்த்தோ கற்றுக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது என்று எழுத்திலேயே சொன்னது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஒரு ஸ்பாவில், சொந்த ரத்தத்தைப் பிரித்தெடுத்து ஊசிமுனைகளால் முகத்தில் செலுத்தும் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் ஆராய்ந்து வெளியிட்டது. லேசருக்கு முன்பு மரத்துப்போகும் களிம்பைக் கால் முழுக்கப் பூசி பிளாஸ்டிக் தாள் சுற்றிய இரண்டு இளம்பெண்கள் இறந்ததையடுத்து, அந்நாட்டின் மருந்து நிர்வாகம் 2007இலேயே எச்சரிக்கை விட்டது. ரேடியோ அலையும் ஊசிகளும் சேர்ந்த மைக்ரோநீட்லிங் கருவிகளால் தீப்புண், தழும்பு, நரம்புச் சேதம் வருவதாக 2025 அக்டோபரில் இன்னொரு எச்சரிக்கை விட்டது. கொழுப்பை உறைய வைக்கும் சிகிச்சையில் கொழுப்பு கரைவதற்குப் பதிலாகக் கட்டியாகத் திரண்டுவிட்டதை மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா 2021இல் வெளிப்படையாகச் சொன்னார். பணமும் புகழும் இருந்தவருக்கே வந்தது அது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் ‘மருந்து’ என்ற வரையறைக்குள் வந்துவிட்டன. ஆபத்தைப் பொறுத்து அவற்றை ஏ, பி, சி, டி என்று பிரித்து, உரிமத்தைப் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். அதிக ஆபத்துள்ள சி, டி வகைகளுக்கு அது 2023 அக்டோபர் 1 முதல் கட்டாயம். வெளிநாட்டு மெஷின் என்றால் ‘எம்டி 15’ என்ற படிவத்தில் இறக்குமதி உரிமம் இருக்க வேண்டும். மெஷினின் பின்புறத் தகட்டில் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், உரிம எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கவிட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தெரியாத எழுத்தில் ஒரு பெயர் மட்டும் ஒட்டியிருக்கும் மலிவு மெஷின் எத்தனை ஜூல் சூட்டை உமிழ்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்தது மெஷினைப் பிடிக்கும் கை. மரத்துப்போக ஊசி போடுவதும் தோலைத் துளைப்பதும் மச்சத்தைச் சுடுவதும் மருத்துவம். பதிவு பெறாத ஒருவர் மருத்துவம் பார்த்தால் 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பலகையில் ‘டாக்டர்’ என்று இருந்தால் போதாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவரா, அவரே இருந்து செய்கிறாரா, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு டெக்னீஷியனிடம் விட்டுப் போகிறாரா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்கள் ஊர்ப் பக்கம் தயங்குவார்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் எடுத்த பதிவுச் சான்றிதழும் அங்கே பார்வைக்கு இருக்க வேண்டும்.

வெந்த தழும்போடு இருப்பவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. தீக்காயத் தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை சிவந்து தடித்து அரிக்கும். சிலிக்கோன் தாள், அழுத்த உடை, தடித்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி, மூட்டை இழுத்துப் பிடித்திருந்தால் அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் லேசர் என்று ஒரு வரிசையில்தான் சிகிச்சை போகும். இவை எல்லாம் சேர்ந்தாலும் தழும்பு மெலியும், நிறம் ஒட்டும், கை மடக்க வரும், அடியோடு மறையாது. ஒரே சிட்டிங்கில் மறையும் என்று சொல்பவர் பொய் சொல்கிறார். பணம் கட்டுவதற்கு முன்பு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் ஒரு முறை காட்டுங்கள். ஈஎஸ்ஐ அட்டை இருந்தால் சிவகாசி ஈஎஸ்ஐ மருத்துவமனையிலும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் எந்தச் சிகிச்சைக்கு இடமுண்டு என்றும் கேளுங்கள். கை மடங்காமல் இழுத்துப் பிடித்திருப்பதற்கான அறுவை சிகிச்சை அழகுக்கானது அல்ல. ‘அது காஸ்மெடிக், தரமாட்டோம்’ என்று யாராவது சொன்னால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்.

காகிதம் விஷயத்துக்கு வருகிறேன். ஏமாந்தவர்கள் பலரும் வெறுங்கையோடு நிற்பது இங்கேதான். பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. சிகிச்சைக்கு முந்தைய, பிந்தைய உங்கள் படத்தை அனுமதியின்றி இன்ஸ்டாகிராமில் போடுவதும் அதே கணக்கில் வரும். மருத்துவ ஆவணங்களை நீங்கள் கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும். உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்றாண்டு பாதுகாக்கவும் வேண்டும். ‘என்ன ஆனாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அலட்சியத்துக்கான பொறுப்பு அந்தக் கையெழுத்தால் போய்விடாது. ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பேக்கேஜுக்குத் தவணைக் கடன் எடுத்துத் தருகிறேன் என்றால், கடன் உங்கள் பெயரில் எந்த நிதி நிறுவனத்தில் விழுகிறது என்று படித்துப் பாருங்கள். கிளினிக்கை மூடினாலும் தவணை நிற்காது.

தோல் வெந்துவிட்டால் முதலில் குளிர்ந்த குழாய்த் தண்ணீர். பேஸ்டும் இங்க்கும் வேண்டாம். அன்றே ஓர் அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். நாள் தெரியும்படி போட்டோ எடுங்கள். கருவியால் நேர்ந்த பாதிப்பை காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யாரும் தெரிவிக்கலாம். போலி மருத்துவர் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும், உரிமமற்ற கருவி என்றால் மருந்து ஆய்வாளருக்கும், பதிவு பெற்ற டாக்டரின் தவறு என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் மனு எழுதுங்கள். திங்கட்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்கினால் மனு காணாமல் போகாது. கொடுங்காயமோ உயிரிழப்போ என்றால் காவல் நிலையம்.

நஷ்ட ஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம். மதுரையிலோ சென்னையிலோ சிகிச்சை எடுத்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; மல்லாங்கிணற்றுக்காரருக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள விருதுநகர் மாவட்ட ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. மெஷினைத் தயாரித்தவர், விற்றவர், அதை வைத்துச் சிகிச்சை செய்தவர் மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பணம் திரும்பக் கிடைப்பது சில நேரம் அதிலேயே முடிந்துவிடும். வக்கீல் வைக்க விரும்பும் பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்; எண் 15100. பாதிப்பு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும். ‘அடுத்த சிட்டிங்கில் சரியாகிவிடும்’ என்று கிளினிக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும் மாதங்களும் அந்த இரண்டு ஆண்டுக்குள்தான் ஓடுகின்றன.