வயர்லெஸ் கீபோர்டு கனெக்ட் ஆகலையா? புதுசு வாங்கும் முன் இதைக் கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

ஆனையூர்ல இருந்து பேசுறேன். இந்த மாசம் வந்த கேள்விகள்ல திரும்பத் திரும்ப வந்த ஒண்ணு: "நேத்து வரைக்கும் நல்லா இருந்த வயர்லெஸ் கீபோர்டு இன்னைக்கு கனெக்ட் ஆகல. புதுசு வாங்கிடவா?" இதைக் கேட்டவர்களில் ஒருத்தருக்கு மறுநாள் காலை 10 மணிக்கு ஆன்லைன் கோடிங் டெஸ்ட். அதனால முதல்ல அவசரத்துக்கு வழி, அப்புறம் காரணம்.

லாகின் பண்ணவே முடியலையா?

விண்டோஸ் லாகின் திரையின் வலது கீழ் மூலையில் ஆக்சஸிபிலிட்டி ஐகான் இருக்கும். மவுஸால் அதைத் தட்டி ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்தால் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போயிடலாம். ஆனால் பயாஸ் திரைக்கோ, பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும் இடத்துக்கோ இது உதவாது. அங்கே விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. ப்ளூடூத் கீபோர்டும் பெரும்பாலும் வேலை செய்யாது. பழைய வயர் கீபோர்டு ஒன்று பரணில் கிடந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க.

உங்க கீபோர்டு எந்த வகை?

பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். வயர்லெஸ் என்று விற்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, விரல்நகம் அளவு டாங்கிளோடு வருவது. இன்னொன்று ப்ளூடூத். டாங்கிள் வகை கீபோர்டு ப்ளூடூத் செட்டிங்ஸில் எத்தனை முறை தேடினாலும் தெரியாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது யுஎஸ்பியில் செருகிய சாதாரண கீபோர்டு, அவ்ளோதான். ப்ளூடூத் கீபோர்டு வேலை செய்ய கம்ப்யூட்டரில் ப்ளூடூத் இருக்கணும். பல டெஸ்க்டாப்களில் அது கிடையாது. தனி அடாப்டர் வாங்கிச் செருகணும்.

முதல் சந்தேகம் பேட்டரி மேல

லைட் எரிகிறது என்பதற்காக பேட்டரி நல்லா இருக்கு என்று அர்த்தமில்லை. சின்ன எல்இடிக்கு வேண்டியது கொஞ்சம் மின்சாரம். ரேடியோ சிக்னல் அனுப்பும் நொடியில் அதைவிட அதிகம் வேண்டும். பழைய செல்லில் அந்த நொடியில் வோல்டேஜ் இறங்கிவிடும், கனெக்ஷன் அறுந்துவிடும். ரீசார்ஜபிள் செல் போடுறவங்க இன்னொன்றைக் கவனியுங்க: சாதாரண செல் 1.5 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் 1.2 வோல்ட். சில கீபோர்டுகள் இதை "பேட்டரி காலி" என்று தப்பாகப் புரிந்துகொள்ளும்.

மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. செல்லை எடுத்துட்டு, காது குடையும் பஞ்சில் துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைச்சு, நல்லாக் காய்ந்தபின் புது செல் போடுங்க. கையில் படாமல் பார்த்துக்கோங்க.

டாங்கிள் வகை: இடத்தை மாத்துங்க

டாங்கிள், வைஃபை, ப்ளூடூத் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறவை. இந்தியாவில் 2005 முதல் 2.4-2.4835 கிகாஹெர்ட்ஸில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதனால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எல்லாரும் பயன்படுத்துகிறோம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல பண்டிகைக்கு முந்தின ராத்திரி மாதிரி நெரிசல். மைக்ரோவேவ் அவனும் இதே பக்கம்தான் இரைச்சல் போடும்.

நிறைய பேருக்குத் தெரியாத எதிரி இன்னொருத்தர் இருக்கார்: யுஎஸ்பி 3 போர்ட். உள்ளே நீலமாக இருக்குமே, அதுதான் பெரும்பாலும். அதில் டேட்டா ஓடும்போது கிளம்பும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. இன்டெல் நிறுவனமே 2012ல் இதைப் பற்றி ஆவணம் வெளியிட்டது. நீங்க எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஃபைல் காப்பி பண்ணும்போது மட்டும் கீபோர்டு எழுத்துகளை விழுங்கினால், காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தீர்வு எளிது. டாங்கிளைக் கறுப்பு யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாத்துங்க. சிபியு பின்பக்கம் செருகியிருந்தால் முன்பக்கம் கொண்டுவாங்க. நடுவில் இரும்புப் பெட்டியே சிக்னலை மறைக்கும். அப்பவும் சரியாகலைன்னா ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசை மேலே வையுங்க. ரவுட்டரில் வசதி இருந்தால் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாத்திடுங்க.

டாங்கிள் தொலைந்துபோச்சா? சாதாரண கீபோர்டில் டாங்கிளும் கீபோர்டும் ஃபேக்டரியிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. வேற டாங்கிள் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் சேராது. லாஜிடெக்கின் யூனிஃபையிங், போல்ட் போன்றவை விதிவிலக்கு. அதே குறி போட்ட ரிசீவரைத் தனியாக வாங்கி, அவர்களுடைய சாஃப்ட்வேரில் மறுபடி சேர்த்துக்கலாம்.

ப்ளூடூத் வகை: ஒரு சாவி, ரெண்டு பேர்

பேரிங் என்றால் என்ன நடக்கிறது? கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கு ஒரு காப்பி வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அந்தச் சாவி பொருந்தினால்தான் கனெக்ஷன். ஒரு பக்கம் மட்டும் சாவி அழிந்தாலோ மாறினாலோ, லிஸ்ட்டில் பெயர் இருக்கும், கனெக்ட் மட்டும் ஆகாது. அப்ப திரும்பத் திரும்ப "கனெக்ட்" அழுத்தி பிரயோஜனம் இல்லை. டிவைஸை "ரிமூவ்" பண்ணிட்டு, கீபோர்டின் பேரிங் பட்டனை லைட் வேகமாக மினுக்கும் வரை அழுத்திப் பிடிச்சு, புதுசா சேருங்க. திரையில் ஆறு இலக்க எண் வந்தால் அதை அந்தக் கீபோர்டிலேயே அடிச்சு என்டர் தட்டணும். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்களுக்கு இது நிரந்தரத் தலைவலி. ப்ளூடூத் சிப் ஒன்றுதான், அதன் முகவரியும் ஒன்றுதான். லினக்ஸில் சேர்த்தால் கீபோர்டு பழைய சாவியை அழித்து புதுசை எழுதிக்கொள்கிறது. விண்டோஸுக்குத் திரும்பினால் அதன் கையில் இருப்பது செல்லாத சாவி. கீபோர்டில் 1, 2, 3 என்று சேனல் இருந்தால் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று ஒதுக்குங்க. பெரும்பாலும் பிரச்சினை தீரும்.

அந்தச் சேனல் பட்டன் தெரியாமல் அமுங்கி, நீங்க அடிக்கிறது பக்கத்து ரூம் டேப்லெட்டுக்குப் போவதும் உண்டு. முதல்ல அதைப் பாருங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே கட் ஆகிறதா? டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், கம்ப்யூட்டர் அதை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துடுங்க.

புதுசு வாங்கியே ஆகணும்னா

கடைசியா, இதே கீபோர்டை போனிலோ வேற கம்ப்யூட்டரிலோ சேர்த்துப் பாருங்க. அங்கேயும் வேலை செய்யலைன்னாதான் கீபோர்டு போச்சு. அங்கே வேலை செய்தால் குறை கம்ப்யூட்டர் பக்கம். புது கீபோர்டு வாங்கினாலும் அதே கதைதான்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீங்க. 2016ல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம், பல மலிவு டாங்கிள் கீபோர்டுகள் அடிக்கும் எழுத்துகளை எந்த என்கிரிப்ஷனும் இல்லாமல் காற்றில் அனுப்புவதைக் கண்டுபிடித்தது. சில பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து உங்க நெட் பேங்கிங் பாஸ்வேர்டை ஒருத்தர் வாசிக்கலாம். அந்தக் குறை ப்ளூடூத் கீபோர்டுகளில் இல்லை. டாங்கிள் வகைதான் வேணும்னா பெட்டியில் ஏஇஎஸ் என்கிரிப்ஷன் என்று போட்டிருக்கிறதா பாருங்க. டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கேட்கத் தயங்க வேண்டாம். நம்ம காசு, நம்ம பாஸ்வேர்டு.

நாளைக்கு டெஸ்ட் இருக்கிறவங்களுக்கு ஒரே வார்த்தை: இன்னைக்கு ராத்திரியே வயர் கீபோர்டு ஒண்ணு கடன் வாங்கி வெச்சுக்கோங்க. கனெக்ஷன் பிரச்சினையை டெஸ்ட் முடிஞ்சு நிதானமா பார்க்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.